காவ்யா அனுப்பிய புகார்

1

சனிக்கிழமை காலை. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், எந்த ரொட்டியில் எந்த விதை போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அவரை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நானும் இத்தனை வருடத்தில் அந்தப் பொறுமையை முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன். அப்போது கைபேசி அதிர்ந்தது. தருமபுரிப் பக்கத்து மாரண்டஹள்ளியிலிருந்து என் தம்பி மகள் காவ்யா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

காதில் வைத்துக் கேட்டேன். புகார்! அப்பா மேல், அம்மா மேல், வீட்டுக்கு வந்து போகிறவர்கள் மேல், எல்லோர் மேலும் புகார். மூச்சு விடாமல், அவ்வளவும் தெலுங்கில்.

நின்ற இடத்திலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். தன்னால் நேரமாகிறதே என்றுதான் இவள் அழுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வழியும் விட்டுவிட்டார்.

நாலாம் வகுப்புப் பெண் தன் வீட்டாரைப் பற்றிக் கோள் சொன்னதற்கா இத்தனை அழுகை என்று கேட்பீர்கள். போன ஆகஸ்டில் அந்த வீட்டில் என்னோடு நீங்களும் இருந்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

2

எங்களுடையது தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடமும் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெலுங்கைக் கேட்டால் ஆந்திராக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். எங்களில் யாருக்கும் அதில் ஒரு எழுத்து எழுதத் தெரியாது. சண்டை போட, சோறு ஊட்ட, கொஞ்ச, ஒப்பாரி வைக்க மட்டும் வைத்திருக்கிற மொழி அது.

கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தபோது அந்தத் தெலுங்கையும் கூடவே கொண்டுவந்தேன். என் மகள் வர்ஷா அதைக் கேட்டு வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் தெலுங்கில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழ் அவள் காதோடு நின்றுவிட்டது. புலம்பெயர்ந்த வீடுகளில் இதெல்லாம் வழக்கம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வழக்கமில்லாத ஒன்றும் வந்தது. இரண்டாம் வகுப்பிலும் வர்ஷாவால் ஒரு வரியை முழுதாகப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்றாள். கண் டாக்டரிடம் போனோம், கண் நன்றாக இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது காகிதப் படலம். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தின் சான்றைக் கேட்கும், அது பள்ளியின் முத்திரையைக் கேட்கும். அந்த அலைச்சலில் ஒருநாள் தலைமையாசிரியையைப் பார்த்து, ஜெர்மனில் சிநேகிதியை ‘வாடி போடி’ என்று கூப்பிடும் விதத்தில் பேசிவிட்டேன். கைக்குழந்தைக்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊரில் பிறந்தவள் நான்! வீட்டுக்கு வந்து வெட்கத்தில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் பெற்றோருக்கென்று மாலை வகுப்பு ஒன்று நடந்தது. படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளோடு வீட்டில் எப்படி உட்காருவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். நடத்தியவர் திருமதி கெல்லர். பிள்ளை படிக்கும்போது கூடவே சேர்ந்து படியுங்கள், குறுக்கே திருத்தாதீர்கள், வரிக்கு மேலும் கீழும் அட்டையால் மறைத்துக்கொடுங்கள் என்றெல்லாம் பழக்கினார். ஒருநாள் என் கணவர், இனிமேல் வீட்டில் ஜெர்மன் மட்டும் பேசலாமா, தெலுங்குதான் குழப்புகிறதோ என்று கேட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மொழியில் சமாதானம் சொல்கிறீர்கள்? தெலுங்கில், என்றேன். அதைத் தொடாதீர்கள் என்றார். படிப்பில் வரும் இந்தச் சிக்கல் வீட்டு மொழியால் வருவதில்லை, அதை எடுத்துவிட்டால் போவதுமில்லை, பிள்ளைக்குச் சாய்ந்துகொள்ள இருக்கிற தோள்தான் போகும் என்றார்.

இன்று வர்ஷாவுக்குப் பதினான்கு வயது. மெதுவாகத்தான் படிக்கிறாள். பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். வாய் மட்டும் கூடுதல் வேகம்.

3

போன ஆகஸ்டில் வர்ஷாவும் நானும் ஊருக்குப் போனோம். போய் இரண்டாம் நாளே அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். காவ்யா தன்னோடு பேசவே மாட்டேன் என்கிறாளாம்.

எனக்கு நம்ப முடியவில்லை. வீடியோ அழைப்பில் இரண்டும் அரைகுறைத் தெலுங்கில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. கடைசி ஒரு வருடமாகத்தான் காவ்யா படிக்கிறாள், தூங்குகிறாள், விளையாடப் போய்விட்டாள் என்று என் தம்பி பெண்டாட்டி ருக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டைக் கவனித்தேன். தம்பி முனிராஜும் ருக்குவும் தக்காளி விலை சரிந்ததைப் பற்றித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். காவ்யா பையோடு உள்ளே நுழைந்தாள். பேச்சு நின்றது. முனிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில், “வந்துட்டியா. கை கால் கழுவு. டீ இருக்குது” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தம்பி தமிழைத் தக்காளி மண்டியில் கற்றவன். விலை பேசுவான், லாரி வாடகை பேசுவான், எடையில் தகராறு என்றால் பிளந்து கட்டுவான். அந்தத் தமிழில் கொஞ்சல் என்று ஒரு சொல்கூட அவனிடம் கிடையாது. பெட்டியை இறக்கச் சொல்லும் அதே குரலில் மகளை டீ குடிக்கச் சொன்னான். காவ்யா தலையாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அவள் மறைந்ததும் இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தெலுங்கில் ஆரம்பித்தார்கள். என் சிரிப்பு அதோடு போய்விட்டது.

விசாரித்தேன். காவ்யாவுக்கு இரண்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. வகுப்பு ஆசிரியை செல்வி டீச்சர் ருக்குவைக் கூப்பிட்டனுப்பி, வீட்டில் தெலுங்கு பேசுவதால்தான் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மனதில் நிற்கவில்லை, இனிமேல் அவளிடம் தமிழ் மட்டும் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்துச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் தட்டியதில்லை. அன்றிலிருந்து அவளிடம் தமிழ்தான். அவள் தெலுங்கில் ஏதாவது கேட்டால் பதில் சொல்வதில்லை. அவள் காதில் விழக்கூடாதே என்று, அவள் அறைக்குள் வந்தாலே தெலுங்குப் பேச்சை நிறுத்திவிடுவது. முனிராஜ் அவளைப் பிறந்ததிலிருந்து ‘பங்காரு’ என்றுதான் கூப்பிடுவான். அதையும் விட்டுவிட்டான். தமிழில் தங்கம் என்று கூப்பிட வேண்டியதுதானே என்றேன். தங்கம் என்றால் அவனுக்கு நகைக்கடைதான் ஞாபகம் வருகிறதாம்.

“படிப்பு வந்துச்சா?” என்று கேட்டேன். ருக்கு தலையைக் குனிந்துகொண்டாள்.

4

மறுநாள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காவ்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். படிக்கட்டுப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து தெலுங்கில் கேட்டாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“அத்தை, உங்ககிட்ட நம்ம பேச்சு பேசலாமா?”

பேசு பேசு என்றேன். ஒரு வருடத்துப் பேச்சு இருக்கும், கொட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவளிடமிருந்து ஒன்றே ஒன்றுதான் வந்தது.

“நான் உள்ள வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திடறாங்க. நான் என்னா தப்பு பண்ணேன்?”

அந்தப் பிள்ளை இத்தனை நாளும் இது படிப்புக்காக என்று நினைக்கவில்லை. தண்டனை என்று நினைத்திருக்கிறது. வாசிக்கத் தெரியாதவளை வீட்டுப் பேச்சிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டு வாயை மூடியிருக்கிறது. அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நீ ஒரு தப்பும் பண்ணலடி என் கண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

விறுவிறுவென்று கீழே இறங்கி வந்தேன். இப்போதே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த டீச்சரை நாலு வார்த்தை கேட்கப் போகிறேன் என்று செருப்பைத் தேடினேன். ருக்கு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள்.

“நீங்க பிளேன் ஏறிப் போயிடுவீங்க வதினா. தினமும் அந்த கேட்டுல போய் நிக்கப் போறது நானு.”

நாத்தனாரை நாங்கள் வதினா என்போம். அந்த வதினா செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ருக்கு சொன்னதில் என்ன பிழை?

கொஞ்ச நேரம் கழித்து ருக்குவே ஒரு வழி சொன்னாள். அடுத்த வாரம் பாலக்கோட்டில், படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்காருகிற ஒரு பயிற்சி நடக்கிறதாம். சிறப்பாசிரியை ஒருவர் வருகிறாராம். செல்வி டீச்சரும் போகிறாராம். பள்ளியிலிருந்து வரச் சொல்லியும், மண்டி நாளாயிற்றே என்று முனிராஜ் முடியாது என்றிருக்கிறான்.

“மண்டியா? மகளா?” என்று கேட்டேன் தம்பியிடம். அதற்கப்புறம் அவன் மண்டியைப் பற்றிப் பேசவில்லை.

5

சிறப்பாசிரியையின் பெயர் பர்வீன். தருமபுரியிலிருந்து ஸ்கூட்டியில் வந்திறங்கினார். வந்ததும் முதல் வேலையாக, ஒரு பக்கம் பெற்றோர், ஒரு பக்கம் ஆசிரியர் என்று பிரிந்து உட்கார்ந்திருந்த எங்களை எழுப்பி, பிள்ளைவாரியாக ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். தனித்தனியாக உட்கார்ந்தால் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்பிவிடுவீர்கள் என்றார். எங்கள் பெஞ்சில் முனிராஜ், ருக்கு, செல்வி டீச்சர். ஒட்டுக்கு நான்.

செல்வி டீச்சரை அன்றுதான் பார்த்தேன். மொரப்பூர்க்காரர். சின்ன வயது, கையில் சாக்பீஸ் தூள். திட்டுவதற்காக நான் மனதில் வைத்திருந்த ஆளுக்கும் இவருக்கும் ஒட்டவே இல்லை. பேக்கைத் திறந்து, காவ்யாவுக்காக ராத்திரி தன் கையால் வெட்டிய எழுத்து அட்டைகளை ருக்குவிடம் காட்டினார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பர்வீன் முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். பழைய பாடம்தான், ஆனால் எழுத்துகள் தலைகீழாகவும் இடம் மாறியும் அச்சாகியிருந்தன. ஒரு தலைமையாசிரியரை எழுப்பி எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மனுஷர் திணறினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இது தினமும் நடக்கிறதுங்க சார், என்று பர்வீன் தணிந்த குரலில் சொன்னார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து, ஒவ்வொரு பெற்றோரும் எழுந்து தங்கள் பிள்ளையைப் பற்றி, படிப்பு தவிர, ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் என்றார். முனிராஜின் முறை வந்தது. எழுந்து நின்றான்.

“நல்ல புள்ளைங்க. சொன்ன பேச்சு கேக்கும்.”

அவ்வளவுதான். சரக்கு நல்ல சரக்குங்க என்பது போலச் சொல்லிவிட்டு உட்காரப் போனான். பர்வீன் விடவில்லை. வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார்.

“தெலுங்குங்க. பாப்பாகிட்ட இப்ப பேசறதில்லீங்க. டீச்சர் வேணாம்னுட்டாங்க.”

செல்வி டீச்சரின் முகம் சிவந்தது. பர்வீன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பற்றித் தெலுங்கிலேயே சொல்லுங்கள், புரியாதவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

அப்போது என் தம்பி ஒரு காரியம் செய்தான். லாரிக்காரர்களை மிரட்டுகிற அந்த ஆம்பளை, திரும்பி செல்வி டீச்சரைப் பார்த்தான். பேசட்டுமா என்று உத்தரவு கேட்கிற பார்வை. டீச்சர் அவசரமாகத் தலையசைத்தார்.

பேச ஆரம்பித்தான். சின்னதாக இருந்தபோது காவ்யா அவனோடு மண்டிக்கு வருவாளாம். பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிற வியாபாரிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். ஒருநாள் பெங்களூர் வியாபாரி ஒருவர் பழம் கெட்டியா என்று அழுத்திப் பார்த்திருக்கிறார். அவர் கையைத் தட்டிவிட்டு, அதுக்கு வலிக்கும், வேணும்னா உன் கன்னத்தை அழுத்திப் பார்த்துக்கோ என்றாளாம். அந்த வியாபாரி இன்றைக்கும் வந்ததும் முதலில் அவளைத்தான் கேட்கிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் வாய் ஓயாமல் பேசுவாள், இப்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் இருக்கிறாளா விழுந்துவிட்டாளா என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அறையில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அழுதார்கள். தெலுங்கு தெரியாத செல்வி டீச்சர், ருக்குவின் கையைப் பிடித்து என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார். ருக்கு தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள். டீச்சர் எழுத்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“என் கிளாஸ்ல அது வாயே தொறக்கலீங்க. அதுக்குப் பேச்சே கம்மின்னு நெனச்சேன். நல்லதுக்குத்தாங்க சொன்னேன்.”

“நல்லதுக்குத்தான் சொன்னீங்க டீச்சர்” என்றார் பர்வீன். “எழுத்து தடுமாறுறது வேற, வூட்டுப் பாஷை வேறங்க. வூட்டுப் பாஷையில நல்லாப் பேசற புள்ளைக்குத்தான் கதை சொல்லி எழுத்துக்கு இழுத்துக்கிட்டு வர முடியும்.”

மான்ஹைமில் திருமதி கெல்லர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னதை, பாலக்கோட்டில் பர்வீன் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் செய்முறை. தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி விரலால் எழுத்து எழுத வைப்பது, பிள்ளையோடு சேர்ந்து ஒரே குரலில் படிப்பது, வகுப்பில் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்லாமல் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுவது. நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டிய அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையே போதும் என்றார். எங்கள் பக்கம் எந்த வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சம்? முனிராஜ் மாவில் ‘கா’ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

6

நாங்கள் திரும்பி வந்தபோது காவ்யா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனிராஜ் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. அவனுக்கு வெட்கம். ஒரு வருடமாகச் சொல்லாத சொல் வாயில் ஏறவில்லை. ருக்கு பின்னாலிருந்து அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

“பங்காரு” என்றான்.

காவ்யா அசையவில்லை. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் தமிழில் கேட்டாள், “டீச்சர் திட்ட மாட்டாங்களா?”

திட்ட மாட்டார்கள் என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அவள் நம்பவில்லை. அன்று தூங்கும்வரை தமிழிலேயே பதில் சொன்னாள். முனிராஜ் சோர்ந்துபோனான்.

அதைச் சரிசெய்தவர் செல்வி டீச்சர்தான். மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளியில் விட ருக்குவோடு நானும் போனேன். டீச்சர் கேட்டுக்கே வந்து, சாப்பிட்டாயா என்பதைத் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று ருக்குவிடம் கற்றுக்கொண்டார். பிறகு அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்து காவ்யாவிடம் அதைக் கேட்டார். அவர் கேட்டது எந்த ஊர்த் தெலுங்கும் இல்லை. காவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, அப்படி இல்லை டீச்சர், இப்படி, என்று சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் திருப்பிச் சொன்னார். மறுபடி தப்பு. மறுபடி சொல்லிக்கொடுத்தாள். மணி அடித்தும் இரண்டு பேரும் நகரவில்லை.

நாங்கள் கிளம்புவதற்குள் வர்ஷாவும் காவ்யாவும் சேர்ந்து வீட்டிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் வெட்டித் தீர்த்தார்கள். மணமக்கள் பெயருக்கு நடுவில் சன்னல் வைத்த அட்டைகள், செல்வி டீச்சர் வகுப்புக்கு. ஒன்றை வர்ஷாவும் இங்கே கொண்டுவந்து, ஜெர்மன் புத்தகத்தில் வைத்துப் படிக்கிறாள். அவள் வகுப்பில் அது யாருடைய கல்யாணம் என்று கேட்கிறார்களாம்.

7

காவ்யா இப்போது நாலாம் வகுப்பு. படிப்பு பிரமாதமாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். சில நாள் நேற்றுப் படித்ததை இன்று தெரியாது என்கிறாள். ருக்கு சோர்ந்துபோய் எனக்குப் போன் செய்கிறாள், நான் அவளைத் தேற்றுகிறேன், அப்புறம் மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். நீண்ட வழி அது. வர்ஷாவோடு நடந்தவள் ஆதலால் எனக்குத் தெரியும்.

ரொட்டியோடு வீட்டுக்கு வந்து காவ்யாவின் குரல் பதிவை வர்ஷாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டாள். வழக்கமாக எனக்கு ஜெர்மனில் பதில் சொல்கிறவள், கைபேசியைப் பிடுங்கி, தனக்குத் தெரிந்த உடைந்த தெலுங்கில் காவ்யாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தப் புகாரை எனக்குத் தெரிந்த தமிழில் இங்கே எழுதுகிறேன்:

“அத்தை, இந்த வூட்ல ஒரே சத்தம். அப்பா போன்ல கத்தறாரு, அம்மா அப்பாகிட்ட கத்துது. நான் படிக்க உக்காந்தா பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காங்க. நான் உள்ள வந்தாகூட யாரும் நிறுத்தவே மாட்டேங்கறாங்க. நீங்களே கேளுங்க!”